படிக்கப்படுமுன் வாங்கப்படும் நூல்: வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தை முன்வைத்துத் தமிழ்ப் படைப்பாளரின் தற்சார்பு பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கியம் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை படைப்பின் கருப்பொருளையும் வடிவத்தையும் நோக்கியே அமைந்துள்ளன. தோட்ட வாழ்வு, சயாம் மரண இரயில்பாதை, நகர்ப்புறப் பெயர்வு, குடும்பச் சிதைவு என்னும் தலைப்புகளில் பட்டக்கல்வி ஆய்வேடுகள் பல எழுதப்பட்டுள்ளன. ஆயினும் அப்படைப்பு யாருடைய பணத்தில் அச்சேறியது, யாரால் வாங்கப்பட்டது, அதனை எழுதியவர் எதைக் கொண்டு வாழ்ந்தார் என்னும் வினாக்கள் நம் ஆய்வுப் பரப்பிற்குள் அரிதாகவே நுழைகின்றன. அவை நூலின் முற்பக்கங்களில் 'நன்றியுரை' என்ற தலைப்பின்கீழ் அடங்கி விடுகின்றன.

படைப்பாளன் தன் கலையால் வாழ்வதும் தன் கலையைத் தானே பிறரிடம் கொண்டுசேர்ப்பதும் இலக்கியத்திற்குப் புறம்பான செய்திகள் எனக் கருதுவோர் உளர். இக்கட்டுரை அக்கருத்தினின்றும் மாறுபடுகிறது. ஒரு நூல் எவ்வாறு விலைபோகிறதோ அதற்கேற்பவே அது படிக்கப்படுகிறது. எவ்வாறு படிக்கப்படுகிறதோ அதற்கேற்பவே அடுத்த நூல் எழுதப்படுகிறது. எனவே மலேசியத் தமிழ் நூலின் முதன்மைச் சந்தையாக விளங்கும் நூல் வெளியீட்டு விழாவைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது இலக்கியத் திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.

இந்நோக்கிற்கு ரவாங்கையும் அதன் மேற்கிலும் வடக்கிலும் பரந்துள்ள தோட்டப்புறத்தையும் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ஈஜோக், 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை, கோல சிலாங்கூர் ஆகியவற்றை இணைக்கும் இவ்வட்டாரத்தில், படைப்பாளன் தன் தற்சார்பை எவ்வாறு ஈட்டலாம் என்பதற்கு முற்றிலும் மாறுபட்ட விடைகள் ஒரே மண்ணில் கிடைத்துள்ளன. அவ்விடைகளை ஒப்பிட்டு நோக்குவது நம் இன்றைய நிலையை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

2. புரவலரும் பரிசிலும்

தமிழ்ப் புலவன் வாழ்வாதாரம் பற்றிப் பேச நாணியதில்லை. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே, பரிசில் பெற்ற ஒருவர் பெறாத ஒருவரை வள்ளலிடம் வழிப்படுத்தும் செயலின்மேல் எழுந்தது. எங்குச் செல்ல வேண்டும், வழியில் யார் உணவளிப்பர், வள்ளல் எத்தகையவர் என்பனவற்றைக் கூறும் அப்பாட்டுகளைக் கலைஞர்களுக்கிடையே நிலவிய தொழில்முறைச் செய்திப் பரிமாற்றத்தின் கலைவடிவம் என்றும் கொள்ளலாம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும் தன் தகுதிக்குரியதைக் கேட்டுப் பெறுவதும் அங்கு இழிவாகக் கருதப்படவில்லை.

ஆயினும் அம்மரபு ஓர் எல்லையையும் வகுத்தது. புறநானூற்றின் 208ஆம் பாடலில், பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் செல்கிறார். மன்னன் அவரை நேரிற் காணாமலே பரிசிலை அனுப்பிவைக்கிறான். புலவர் அதனை ஏற்க மறுக்கிறார். தம்மைக் காணாமல் தரப்படும் பொருளைப் பெற்றுச் செல்வதற்குத் தாம் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து தருவது மிகச் சிறிய அளவினதாயினும் இனியது என்றும் அவர் கூறுவதே அப்பாடலின் சாரம். இங்கு மறுக்கப்படுவது பொருளன்று. கொடையாளியின் கவனமின்மையே மறுக்கப்படுகிறது. பரிசில் என்பது அறிதலின் விளைவாக இருத்தல் வேண்டும் என்னும் இக்கொள்கையையே இக்கட்டுரை தன் அளவுகோலாகக் கொள்கிறது.

மலாயாவுக்கு வந்த தமிழரிடையே புரவலர் மரபு புதிய வடிவில் தொடர்ந்தது. ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவுடன் பங்கு கொண்டிருந்த கா. தம்புசாமிப் பிள்ளையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1894ஆம் ஆண்டில் அச்சுரங்கத்தில் மின்னாக்கி நிறுவப்பட்டமையால், நாட்டின் மின்சார வரலாறு ரவாங்கிலேயே தொடங்குகிறது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயமும் பத்துமலைத் திருத்தலமும் தம்புசாமிப் பிள்ளையின் கொடையோடும் முயற்சியோடும் இணைத்துப் பேசப்படுவன. சுரங்கமும் குத்தகையும் ஈட்டிய செல்வம் கோயிலாகவும் கல்விக்கூடமாகவும் மாறிய காலம் அது. சமூகத் தலைவரே புரவலர் என்னும் நம் எண்ணத்திற்கு வேர் அக்காலத்திலேயே ஊன்றப்பட்டது.

புரவலரை விட்டு மக்களை நாட முயன்ற முதற்பெரும் நவீனத் தமிழ்க் கவிஞராகப் பாரதியாரைக் கூறலாம். 1919ஆம் ஆண்டில் அவர் எட்டயபுர மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதினார். அடுத்த ஆண்டிலேயே தம் நூல்களை நாற்பது தொகுதிகளாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் படிகளாக அச்சிடும் திட்டத்தை வகுத்து, அதற்குரிய முதலை நண்பர்களிடம் கடனாகக் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். முந்தையது பழைய புரவலரை நோக்கியது. பிந்தையது வாசகர் என்னும் புதிய புரவலரை நோக்கியது. கொடையாகக் கேளாது வட்டியோடு திருப்பித்தரும் கடனாக அவர் கேட்டமை கருதத்தக்கது. தம் நூல் விற்கும் என்னும் நம்பிக்கையே அவர் காட்டிய ஈடு. திட்டம் நிறைவேறுமுன் 1921இல் அவர் மறைந்தார். ஆயினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை.

3. ரந்தாவ் பாஞ்சாங்கில் ஓர் எழுத்தாளர்

ரவாங்கிலிருந்து மேற்கே, சிலாங்கூர் ஆற்றையொட்டிய தோட்டப்பகுதியில் ரந்தாவ் பாஞ்சாங் என்னும் இடம் உள்ளது. பிரான்சு நாட்டின் பார்பெசியூ என்னும் சிற்றூரிற் பிறந்த ஆன்றி ஃபொக்கோனியே (1879-1973) இங்குத் தோட்டம் அமைத்து வாழ்ந்தார். இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய இவர், எழுத்தாளராக வேண்டும் என்னும் விருப்பமுடையவர். ஆனால் எழுத்தை நம்பி வாழ விரும்பாதவர். முதலில் செல்வம் ஈட்டுதல், அச்செல்வத்தால் ஓய்வை வாங்குதல், அவ்வோய்வில் எழுதுதல் என்பதே அவர் வகுத்துக்கொண்ட வழி. அவ்வெண்ணத்துடனேயே 1905இல் கிழக்கு நோக்கிப் பயணமானார்.

அவருடைய கணக்குப் பிழைபடவில்லை. இரப்பர் விலை உயர்ந்த காலத்தில் அவர் தோட்டங்கள் வளர்ந்தன. பெல்ஜிய முதலீட்டாளர் அட்ரியன் ஆலேயின் துணையுடன் நிறுவனமும் உருவாயிற்று. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட செம்பனைப் பயிரே இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டமாக வரலாற்றில் இடம்பெறுகிறது. தென்னைமரம் என்னும் தமிழ்ச்சொல் அத்தோட்டத்தின் பெயரில் இன்றும் ஒலிக்கிறது. பின்னர்த் துனிசியாவிற் குடியேறிய ஃபொக்கோனியே, மலாயா வாழ்வை அடிப்படையாகக் கொண்டு 'மலேசி' என்னும் நாவலை எழுதி 1930இல் வெளியிட்டார். அவ்வாண்டின் கொங்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டில் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவர் எழுதி வெளியிட்ட ஒரே நாவல் அதுவே. புறப்பட்ட நாளிலிருந்து நூல் வெளிவரும்வரை இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

தற்சார்புடைய எழுத்தாளனுக்கு இதனினும் நிறைவான எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது. பதிப்பாளருக்காகவோ இதழுக்காகவோ அவர் எழுதவில்லை. விரைந்து எழுத வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. மலாய்ப் பந்துன்களில் அவர் தோய்ந்திருந்தமையையும், மழைக்காட்டையும் ஆற்றையும் நுணுகிப் பார்த்தமையையும் நாவல் காட்டுகிறது. அக்கூர்மை ஓய்வின் பயன். அந்த ஓய்வு யாருடைய உழைப்பால் வாங்கப்பட்டது என்னும் வினாவே நமக்குரியது. நாவலில் மலாய் வாழ்வு ஆன்மாவாக உயர்த்தப்படுகிறது. தோட்டத்தை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளரோ பெரிதும் பின்புலமாகவே நிற்கின்றனர். எழுத்துக்கு முதலீடான உழைப்பு எழுத்தின் மையத்தில் இடம்பெறவில்லை.

அந்நாவல் பரிசு பெற்ற 1930ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்து, மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்குரிய நிர்ணய நாட்கூலி ஆண்களுக்கு 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களுக்கு 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடிக் காரணத் தொடர்பு இல்லை. எனினும் ஒரே மண் ஒருவருக்கு இருபத்தைந்து ஆண்டுப் பொறுமையையும் மற்றவருக்கு மறுநாட் கவலையையும் தந்தது என்பதை இவ்வாண்டு எடுத்துக்காட்டுகிறது. கலைஞனின் தற்சார்பு என்பது மனவுறுதி மட்டுமன்று. அதற்கு ஒரு பொருளாதார அடித்தளம் உண்டு என்பதே ஃபொக்கோனியேயின் வாழ்வு தரும் பாடம்.

4. தோட்டத்துப் படைப்பாளரின் நேரம்

செம்பனை வணிகப் பயிரான அதே 1917ஆம் ஆண்டே, மலாயாவின் முதல் தமிழ் நாவலாகப் பொதுவாகக் குறிக்கப்படும் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' வெளிவந்த ஆண்டுமாகும். இலக்கியத் தொடக்கத்தில் நாம் பிந்தியவர்கள் அல்லர். பின்தங்க நேர்ந்தது எழுதுவதற்குரிய நேரத்திலேயே ஆகும்.

விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, நண்பகல்வரை மரம் வெட்டிப் பால் சேர்த்துத் திரும்பும் ஒருவருக்கு எழுதுவதற்கு எஞ்சும் நேரம் எவ்வளவு என்பதை விளக்கத் தேவையில்லை. அதனால் தோட்டப்புறத்திலிருந்து எழுந்த படைப்பாளருட் பலர், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியரான பின்னரே தொடர்ந்து எழுத முடிந்தது. மலேசியத் தமிழ் எழுத்தாளருள் ஆசிரியர் மிகுதியாக இருப்பதற்குத் தமிழ்ப்பற்று ஒரு காரணமெனில், மாதச் சம்பளமும் பள்ளி விடுமுறையும் மற்றொரு காரணம் எனலாம். கவிதை, சிறுகதை ஆகிய சிறு வடிவங்கள் செழித்தமைக்கும் இந்நேரப் பங்கீட்டுக்கும் தொடர்பு இருத்தல் கூடும்.

அவர்களுக்கு மேடையாக அமைந்தவை நாளிதழ்களே. 1924இல் தொடங்கி 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோன 'தமிழ் நேசன்', 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பின் மூலம் எழுத்தாளரைப் பயிற்றுவித்தது. 1952இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்று வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்து நவீன இலக்கிய உணர்வை வளர்த்தார். இதழ்களுக்கும் தோட்டத்துக்கும் இருந்த உறவு இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் 'தமிழ் நேசன்' பணியாளரே. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்குமாறு கேட்டது அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. எழுத்தறிவு தன்மதிப்பாக வளர்ந்த வரலாறு இது.

ஆனால் இதழ்கள் படைப்பாளருக்கு இடம் தந்தன, வாழ்வு தரவில்லை. அரசின் ஆதரவும் இவர்களை எட்டவில்லை. மலாய்மொழியில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம் என்னும் வரையறை நிலவுவதால், 1981 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய இலக்கியவாணர் விருதுக்கும் அதனோடு இணைந்த பொருளுதவிக்கும் தமிழில் எழுதுவோர் உரியரல்லர். பெரிய பதிப்பகம் இல்லை, அரசு இல்லை, இதழில் ஊதியம் இல்லை. இவ்வெற்றிடத்தை நிரப்பவே நூல் வெளியீட்டு விழா எழுந்தது.

5. நூல் வெளியீடு என்னும் நிறுவனம்

நூலாசிரியர் தம் சேமிப்பைக் கொண்டு உள்நாட்டிலோ சென்னையிலோ நூலை அச்சிடுகிறார். மண்டபம் ஏற்பாடாகிறது. அழைப்பிதழில் நூலாசிரியரின் பெயரினும் தலைமை தாங்குவோர் பெயர் பெரிதாக இடம்பெறுதல் உண்டு. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரைகள், நூலாய்வு, முதல்நூல் பெறுதல், சிறப்புப் படிகள் பெறுதல், ஏற்புரை, தேநீர் என விழா நிகழும். முதல்நூலைப் பெறுபவர் அன்பளிப்பு உறையொன்றை வழங்குவார். பின்னர் அவையோர் வரிசையாக மேடையேறி உறை கொடுத்து நூலைப் பெற்றுப் படம் எடுத்துக்கொள்வர். இவ்வமைப்பை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் இஃது இல்லையெனில் மலேசியத் தமிழ் நூல்களிற் பெரும்பகுதி அச்சேறியிராது என்பதை மறுத்தல் இயலாது. தோட்டத்திற் பிறந்த ஓர் ஆசிரியரின் கவிதைத் தொகுதிக்காக இருநூறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வருவது சிறிய செய்தியன்று.

இதன் பொருளியலை ஒரு கற்பனைக் கணக்கின்வழி விளக்கலாம். ஒருவர் 500 படிகள் அச்சிடுகிறார் எனக் கொள்வோம். அச்சுக்கும் போக்குவரத்துக்கும் 5,000 வெள்ளி, விழாவுக்கு 2,000 வெள்ளி. மொத்தச் செலவு 7,000 வெள்ளி. நூலின் விலை 25 வெள்ளி. கடையின் கழிவு போக நூலாசிரியருக்கு 15 வெள்ளி கிடைக்குமெனில், முதலை மீட்க அவர் 467 படிகளை விற்றாக வேண்டும். அதாவது அச்சிட்டவற்றுள் ஏறத்தாழ அனைத்தையும் விற்க வேண்டும். வெளியீட்டு விழாவிலோ முதல்நூல் பெறுபவர் 3,000 வெள்ளியும், பத்துப் பிரமுகர்கள் தலைக்கு 200 வெள்ளியும், அறுபது நண்பர்கள் தலைக்கு 50 வெள்ளியும் வழங்கினால் 8,000 வெள்ளி சேர்ந்துவிடுகிறது. செலவு போக 1,000 வெள்ளி மிஞ்சுகிறது. இதற்கு வழங்கப்பட்ட படிகள் 71 மட்டுமே.

எஞ்சிய 429 படிகளின் நிலையே இக்கணக்கில் கருதத்தக்கது. அவற்றை விற்கவேண்டிய பொருளாதாரத் தேவை அன்று மாலையே முடிந்துவிடுகிறது. கடைக்கு அனுப்புதல், மதிப்புரைக்குக் கொடுத்தல், வேற்றூர் வாசகரைத் தேடுதல் ஆகிய உழைப்புகளுக்கு இனி நூலாசிரியரைத் தூண்டுவது ஏதுமில்லை. படிகள் வீட்டு அலமாரியிலும் கட்டிலுக்கடியிலும் இடம்பெறுகின்றன. சந்தையில் நூல் விலைபோகத் தொடங்கும் நாள் வெளியீட்டு நாள். நம்மிடத்திலோ அதுவே பெரும்பாலும் நூலின் வாழ்வு முடியும் நாளாகவும் அமைந்து விடுகிறது.

6. உறையும் திறனாய்வும்

வெளியீட்டு விழாவின் உறை நமக்குப் புதியதன்று. திருமண வீட்டு மொய்யே மண்டபம் மாறி வந்துள்ளது. மொய் என்பது உதவியும் கடனும் சேர்ந்த ஒன்று. பெற்றவர் மற்றொரு நாள் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். எழுத்தாளர் தம்முள் ஒருவர் விழாவுக்கு மற்றவர் சென்று உறை கொடுப்பது இக்கடமையுணர்வினாலேயே. இவ்வொழுக்கம் சமூகத்தைப் பிணைக்கிறது. ஆனால் மொய் எழுதுபவர் மணமக்களின் பொருத்தத்தை மேடையில் ஆராய்வதில்லை. அவ்வாறே உறை கொடுத்தவரும் நூலின் தகுதியை ஆராயக் கடமைப்பட்டவர் ஆவதில்லை.

இதன் விளைவை நம் நூலாய்வு உரைகளிற் காணலாம். நூலாய்வு செய்பவர் விழா நிகழ்ச்சியின் ஓர் உறுப்பாகிறார். அரங்கில் நூலாசிரியரின் பெற்றோரும் மாணவரும் அமர்ந்திருக்க, முதல்நூல் பெறவுள்ள பெரியவர் காத்திருக்க, ஒரு கவிதை ஏன் தோற்றது என்று கூற எவரும் துணிவதில்லை. அங்குக் கூறுவது பண்பும் ஆகாது. எனவே உவமைநயம், சமுதாயப் பார்வை, எளிய நடை என்னும் மூன்று தலைப்புகளில் உரை முடிகிறது. அவ்வுரையே பின்னர் இதழில் கட்டுரையாகிறது. சில வேளைகளில் மாணவரின் ஆய்வேட்டில் மேற்கோளாகவும் இடம்பெறுகிறது. பாராட்டு திறனாய்வாக உருமாறும் வழி இது.

நூலின் முற்பக்கங்களும் இதே தருக்கத்தைப் பின்பற்றுகின்றன. படைப்பு தொடங்குமுன் வாழ்த்துரைகள் நிரல்படுகின்றன. அவற்றை எழுதியோர் நூலைப் படித்தமைக்கான சான்று அவ்வுரைகளில் எப்போதும் இருப்பதில்லை. பெருஞ்சித்திரனார் மறுத்தது இத்தகைய கொடையையே. புலவரைக் காணாமல் அனுப்பிய பரிசிலும், நூலைப் படிக்காமல் நீட்டிய உறையும் ஒரே வகையின. சங்கப் புலவருக்கு மறுக்கும் உரிமையேனும் இருந்தது. அச்சுச் செலவைக் கடனாகச் சுமந்து நிற்கும் நம் படைப்பாளருக்கு அவ்வுரிமையும் இல்லை.

இவ்வமைப்பின் சுமை எல்லார்மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. தலைநகரில் தொடர்புகள் உள்ளவருக்குப் பிரமுகர் கிடைப்பர். ரவாங்கிலோ புக்கிட் ரோத்தானிலோ வாழும் ஓர் இளையவருக்கும், பொதுமேடைப் பழக்கம் இல்லாத ஒரு பெண்ணுக்கும், அரசியற் சார்பை விரும்பாத ஒருவருக்கும் அவ்வாய்ப்பு அரிது. அவர்தம் கையெழுத்துப் படிகள் தகுதியின்மையால் நின்றுபோகவில்லை. தலைமை தாங்க ஒருவர் அமையாமையால் நின்றுபோதல் கூடும். பிரமுகரை வருத்தும் கருத்தை எழுதத் தயங்கும் மனநிலையும் இதன் தொடர்ச்சியே. எவரும் தடைவிதிக்காமலே எழுத்து தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் நிலை இவ்வாறு உருவாகிறது.

இதே தோட்டப்புறத்தில் வேறொரு கலைஞரின் நிலை ஒப்புநோக்கத்தக்கது. கோயில் திருவிழாக்களிலும் காவடி ஊர்வலங்களிலும் வாசிக்கும் உறுமி மேளக் குழுவினர் பெரும்பாலும் பகலில் வேறு தொழில் செய்பவரே. அவர்களும் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொண்டு வாய்ப்புத் தேடுபவரே. ஆயினும் அவர்தம் கலை கேட்கப்பட்ட பின்னரே மதிக்கப்படுகிறது. நன்றாக வாசித்த குழுவை மறு ஆண்டும் அழைக்கின்றனர். தாளம் பிசகிய குழுவை அழைப்பதில்லை. கேட்போர் அனைவரும் திறனாய்வாளரே. அவர்தம் வருவாய் சிறிது. ஆனால் அவ்வருவாய் அறிதலின் விளைவு. படிக்கப்படுமுன் வாங்கப்படும் நூலுக்கும் கேட்கப்பட்ட பின் அழைக்கப்படும் மேளத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு, எழுத்தாளர் சிந்திக்கவேண்டிய ஒன்று.

7. சிறுதொகைகளின் மரபு

புரவலரின் உறைக்கு மாற்று ஃபொக்கோனியேயின் வழியாக இருத்தல் இயலாது. முதலில் செல்வராகிப் பின்னர் எழுதுதல் மிகச் சிலருக்கே வாய்க்கும். அதன் விலையையும் மேலே கண்டோம். மூன்றாவது வழியொன்று நம் சமூக வரலாற்றிலேயே உண்டு. சிறுதொகைகளைப் பலர் சேர்ந்து தரும் மரபே அது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தமிழை முதன்மையாகக் கொண்டு அமையவேண்டும் என்னும் முயற்சியில், 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் இயக்கத்தை நடத்தினார். ஆளுக்கொரு வெள்ளி என்பதே அதன் வேண்டுகோள். தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட எளியோர் தந்த வெள்ளிகள் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டன. இன்று இத்துறையில் கற்போரும் கற்பிப்போரும் அவ்வெள்ளிகளின் வழித்தோன்றல்கள் எனின் மிகையன்று. 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் இதே கொள்கையினது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளரின் சிறு பங்குகளைக் கொண்டே தோட்டங்களை வாங்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. நிலத்துக்கும் நூலகத்துக்கும் இயன்றது நூலுக்கு இயலாது என்று கூறக் காரணமில்லை.

வாசகரே புரவலராகும் முயற்சிகள் அண்மைக் காலத்திலும் நிகழ்ந்துள்ளன. 2007இல் அச்சிதழாகத் தொடங்கிய 'வல்லினம்' குழு, நூல் வெளியீட்டோடு கருத்தரங்கையும் விவாதத்தையும் இணைத்தது. தோட்ட வாழ்வை எழுதிய சீ. முத்துசாமிக்கு 2017இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் விருதளித்தபோது, அது வாசகர் வட்டம் ஒன்றின் ஏற்பாக அமைந்தது. இக்குழுக்களின் இலக்கியக் கருத்துகளோடு உடன்படாதோரும், படித்தவர் கூடி மதிப்பிடும் அவ்வமைப்பின் பயனை மறுக்கமாட்டார்.

இவ்வழியின் இடர்ப்பாடு வாசகரைக் கண்டடைவதில் உள்ளது. தோட்டம் இருந்தபோது கோயிலும் பள்ளியும் படிப்பகமும் ஓரிடத்தில் இருந்தன. நாளிதழொன்று பல கைகள் மாறியது. மேம்பாட்டுக்காகத் தோட்டங்கள் விற்கப்பட்டபோது வட சிலாங்கூர் மக்கள் ரவாங் முதலிய நகரங்களின் அடுக்ககங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் சிதறினர். புக்கிட் தாகார், மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்டனர், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுரிமைக்காக நெடுங்காலம் போராட நேர்ந்ததை இவ்வட்டாரம் அறியும். மக்கள் சிதறியபோது ஒரு வாசிப்புச் சூழலும் சிதறியது. இன்று தன்னை விளம்பரப்படுத்தும் கருவிகள் எழுத்தாளர் கைபேசியிலேயே உள்ளன; ஆனால் கூடிப் படிக்கும் இடம் குறைந்துவிட்டது.

அவ்விடத்தை மீட்பதில் தமிழாசிரியருக்கும் பல்கலைக்கழகத் துறைக்கும் பங்குண்டு. அதற்கான வழிகள் எளியனவே. முதலாவதாக, வெளியீட்டு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே நூலை இருபது வாசகருக்கு அளித்து, விழாவில் வாழ்த்துரைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அவ்வாசகருள் சிலரைப் பேசச் செய்யலாம். இரண்டாவதாக, அன்பளிப்பு உறையோடு அச்சிட்ட விலைக்கு வாங்கும் மேசையும் இருத்தல் வேண்டும். உறை கொடுக்க இயலாதவர் நாணமின்றி நூலைப் பெற அது வழிசெய்யும். மூன்றாவதாக, வெளியீடு ஓரிரவோடு முடியாமல் ரவாங், பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் போன்ற ஊர்களின் பள்ளிகளிலும் ஆலய மண்டபங்களிலும் சிறு வாசிப்புக் கூட்டங்களாகத் தொடரலாம். நான்காவதாக, முன்பதிவுத் தொகை பெற்று அச்சிடும் முறையை வளர்க்கலாம். பாரதியார் கேட்ட கடனின் இன்றைய வடிவம் அதுவே. ஐந்தாவதாக, துறையின் இதழ்கள் விழா உரைகளைக் கட்டுரையாக ஏற்பதைத் தவிர்த்து, விழா முடிந்து ஓராண்டுக்குப் பின் எழுதப்படும் மதிப்புரைகளுக்கு இடமளித்தல் நன்று.

8. முடிவுரை

கலைஞன் பொருளை நாடுவதும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும் கலைக்கு இழுக்கல்ல என்பதை ஆற்றுப்படை மரபு காட்டுகிறது. அப்பொருள் அறிதலின் விளைவாக வரவேண்டும் என்பதைப் பெருஞ்சித்திரனாரின் மறுப்புக் காட்டுகிறது. தற்சார்புக்குப் பொருளாதார அடித்தளம் இன்றியமையாதது என்பதை ரந்தாவ் பாஞ்சாங்கின் நாவலாசிரியர் வாழ்வு உணர்த்துகிறது. நம் நூல் வெளியீட்டு விழா எழுத்தாளரைக் கடனிலிருந்து காத்துள்ளது. அதற்காக அது நன்றிக்குரியது. ஆனால் அது படைப்பை வாசகரிடமிருந்து பிரித்துள்ளது. அதனால் அது திருத்தத்திற்குரியது.

மூவாயிரம் வெள்ளி அடங்கிய ஓர் உறை நூலை அச்சேற்றும். இருபத்தைந்து வெள்ளி கொடுத்து வாங்கி, படித்து, உடன்படாமல் வாதிடும் நூற்றிருபது பேரும் அதே தொகையைத் தருவர். தொகை ஒன்றே எனினும் பின்னவரிடமிருந்து எழுத்தாளர் பெறுவது அடுத்த நூலை மேலும் நன்றாக எழுதவேண்டிய கட்டாயத்தை. ஆளுக்கொரு வெள்ளி தந்து ஒரு நூலகத்தை வளர்த்த சமூகத்திற்கு அந்த நூற்றிருபது பேரைத் திரட்டுதல் அரிய செயலன்று. அத்தேடலை வகுப்பறையிலிருந்து தொடங்கும் வாய்ப்பு தமிழாசிரியர் கையில் உள்ளது.